ஆள் வருது

அவள் பையில் எப்போதும் ஐந்தாறு டிஷ்யூ பாக்கெட்டுகள் கிடக்கும். அவற்றில் ஒன்றையாவது அவள் பிரித்து நான் பார்த்ததில்லை. சளி பிடித்திருந்தாலும் சட்டைக் கையால்தான் மூக்கைத் துடைத்துக்கொள்வாள். "பையில இத்தன வச்சிக்கிட்டு ஏன் இப்படி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பிரிச்சா மெலிஞ்சிடும் அங்கிள். ஃபேன் காத்துக்கே பறந்துடும். அப்பறம் எடம் எப்படி நிக்கும்?"

சிங்கப்பூரில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே உணவங்காடியில் சாப்பாடு வாங்க வரிசைக்குப் போகுமுன் மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டால் அந்த இடம் உங்களுடையது. அதற்குச் சட்டம் ஒன்றும் கிடையாது, காவலும் கிடையாது. ஆனாலும் அதை ஒதுக்கிவிட்டு உட்கார யாருக்கும் மனம் வராது. பசியோடு தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்து மேசை காலியாகும்வரை நிற்பார்கள். எல்லோரும் தங்களுக்காக இப்படி இடம் போடுவார்கள். அவள் மற்றவர்களுக்காகப் போடுவாள்.

என்னை அவள் 'அங்கிள்' என்றுதான் கூப்பிடுவாள். நான் இங்கே ஆண்களுக்குக் கட்டாயமான ராணுவ வேலையில், தேசிய சேவையில், இரண்டு ஆண்டுகள் கழித்துவிட்டுப் பல்கலைக்கழகம் வந்தவன். அவள் பள்ளிப் படிப்பு முடிந்ததும் நேரே வந்தவள். ஒரே வகுப்பு, எனக்கு இரண்டு வயது கூடுதல். முதல் நாளே என் தலையை உற்றுப் பார்த்து, "நரை இருக்கு அங்கிள்" என்றாள். அன்றிலிருந்து அதுவே பெயராகிவிட்டது. லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் பார்க்கிற நிஜமான அங்கிள்களையும் அவள் அங்கிள் என்றே கூப்பிட்டதால், யாரைச் சொல்கிறாள் என்று சமயத்தில் நாலு பேர் திரும்பிப் பார்ப்போம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா உணவங்காடியில் நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் நால்வர் சேர்ந்து ஒரு செயல்திட்டம் செய்துகொண்டிருந்தோம். வழக்கம்போல அவள் முதலிலேயே வந்து, தான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மற்ற மூன்றுக்கும் பாக்கெட் வைத்திருந்தாள். ஞாயிறு மதியத்தில் தேக்காவில் நாற்காலி கிடைப்பதும் லாட்டரி விழுவதும் ஒன்று. நான் வந்து சேர்ந்தபோது கையில் பிரியாணித் தட்டோடு ஒரு பெரியவர் அவளிடம் வாதாடிக்கொண்டிருந்தார்.

"ஆள் வருது அங்கிள்."

"எங்கம்மா வருது? பத்து நிமிசமா பாக்குறேன். பாக்கெட்டுதான் ஒக்காந்திருக்கு. அது என்ன, பிரியாணியா சாப்பிடப் போகுது?"

"எம்ஆர்டி ரயில்ல வந்துட்டிருக்காங்க."

"அவங்க வர்றதுக்குள்ள என் உசுரு எம்ஆர்டி ஏறிடும்."

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள். பிறகு எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். "நீங்க என் எடத்துல ஒக்காருங்க. இது அவங்களோடது" என்றாள். அன்று நாங்கள் மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் மேசையோரமாக நின்றபடி ப்ராட்டாவைப் பிய்த்துத் தின்றாள். நான் எழுந்தேன். "ஒக்காருங்க அங்கிள், நீங்க எழுந்தா நான் போட்ட சீட்டுக்கு என்ன மரியாதை?" என்று தோளில் கை வைத்து அமர்த்திவிட்டாள். பெரியவர் போகும்போது, "வீட்டுக்கு ஒரு பொண்ணு இப்படி இருந்தா போதும், ஊர்ல எங்கயும் நின்னு சாப்பிட வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நின்று சாப்பிட்டவள் அவள்தான் என்பதை அவர் கவனித்தாரா, தெரியவில்லை.

என் அப்பா அந்தத் தேக்கா ஈரச்சந்தையிலேயே ஆட்டிறைச்சிக் கடையில் வெட்டுபவர். அம்மா மாடியில் ஒரு தையல் கடையில் ரவிக்கை தைக்கிறார். இருவரும் தொடக்கப்பள்ளியைத் தாண்டியதில்லை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் கால் என்னுடையது. அப்பா வாரத்துக்கு ஒருமுறை, "பாடம்லாம் ஓடுதா?" என்று கேட்பார். "ஓடுதுப்பா" என்பேன். அதற்கு மேல் அவருக்குக் கேட்கத் தெரியாது. எனக்கும் சொல்லத் தெரியாது.

பாடம் ஓடவில்லை என்பதுதான் நிஜம். முதல் ஆண்டில் மூன்று தாள்களில் தோற்றேன். விரிவுரையாளர் பலகையில் ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரி எல்லோருக்கும் தெரியும் என்று தாண்டிப் போவார். அந்த 'எல்லோரில்' நான் இல்லை. யாரோ தவறுதலாக என்னை உள்ளே விட்டுவிட்டார்கள், ஒருநாள் வந்து எழுப்பிவிடுவார்கள் என்று வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு நிமிடமும் தோன்றும். அவர்கள் எழுப்புமுன் நானே எழுந்துவிடுவது கௌரவம் என்று நினைத்தேன். ஆண்டு இறுதியில் நூலகத்தில் உட்கார்ந்து, படிப்பிலிருந்து விலகும் படிவத்தைக் கணினியில் நிரப்பினேன். காரணம் என்ற கட்டத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதினேன். அனுப்பும் பொத்தான் ஒன்றுதான் பாக்கி.

பின்னாலிருந்து எட்டிப் பார்த்தவள் திட்டவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. என் கையிலிருந்து மவுஸை வாங்கிக்கொண்டாள்.

"போறதுன்னா போங்க அங்கிள். ஆனா எதையாவது வச்சிட்டுப் போங்க."

"என்னத்த வைக்க?"

அவள் இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். ஓராண்டு விடுப்புக்கான படிவம். "இது டிஷ்யூ பாக்கெட். அவ்ளோதான். வெளிய போயிட்டு வாங்க. பசிச்சா வந்து ஒக்காருங்க, பசிக்கலன்னா வராதீங்க. சீட்ட மட்டும் ஏன் விடுறீங்க?"

விடுப்பு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இருப்பதும் விலகுவதும் என்று இரண்டு வழிகள்தான் தெரியும். எங்கள் வீட்டில் வேறு யாருக்கு என்ன தெரியும்? இதை யாரிடம் கேட்டிருப்பேன்?

அந்த ஓராண்டு ஜூரோங் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினேன். தோற்ற தாள்களின் குறிப்புகளை அவள் மாதாமாதம் பூன் லே பேருந்து நிலையத்தில் வைத்துக் கொடுப்பாள். அவள் வீடு பூன் லேயில்தான். படித்தேனா என்று ஒருநாளும் கேட்டதில்லை. திரும்பி வந்த முதல் நாள் காலை எட்டரை மணி வகுப்பு. புது முகங்களாக நிரம்பியிருந்த அரங்கத்தின் மூன்றாவது வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். அது அவளுடைய வகுப்பே இல்லை. அவள் ஓராண்டு முன்னால் போய்விட்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தது.

"லேட் அங்கிள். மூணு பேரு கேட்டாங்க, ஆள் வருதுன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது."

பாக்கெட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு தன் வகுப்புக்கு ஓடினாள். நான் அந்த இருக்கையில் உட்கார்ந்தேன். அதன் பிறகு எழவில்லை.

அவளுடைய அப்பாவை ஒரு தைப்பூசத்தன்றுதான் பார்த்தேன். முன்பு பேருந்து ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் போய், வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வந்துகொண்டிருந்தார். சக்கர நாற்காலி. அம்மா அவள் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே தவறிவிட்டார். ஒரே தம்பி ராணுவ முகாமில், சேவையில் இருந்தான். காவடி பார்க்க வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டிருக்கிறார். டோபி காட் சுரங்க ரயில் நிலையத்துக்கு வெளியே நடைபாதையோரத்தில் ஒரு துண்டை விரித்து, அதன்மேல் ஒரு பாக்கெட்டை வைத்துவிட்டு, அவரை மின்தூக்கியில் ஏற்றி அழைத்துவரக் கீழே போயிருந்தாள். நான் வந்தபோது ஆயிரம் பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நடுவில் ஒரு சக்கர நாற்காலி அளவுக்குத் தரை காலியாகக் கிடந்தது. காவடிக்கு ஆடுகிறவர்கள்கூட அந்தப் பாக்கெட்டைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு கால்கூட அதை மிதிக்கவில்லை.

அப்பாவை அதில் நிறுத்தியதும் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா தம்பி? நான் செத்தா மண்டாய்ச் சுடுகாட்லயும் இவ எனக்கு எடம் புடிச்சு வச்சிடுவா."

"சும்மா இருங்கப்பா. காவடி வருது, அங்க பாருங்க."

அவள் மட்டும் பின்னால், கூட்டத்துக்கு அப்பால் ஒரு தூணோரம் நின்றாள். அங்கிருந்து முதுகுகளைத்தான் பார்த்திருக்க முடியும்.

சில மாதங்களில் அப்பாவைத் தனியே விட முடியாது என்றாகிவிட்டது. தம்பி வெளியே வர இன்னும் ஓராண்டு இருந்தது. மூன்றாம் ஆண்டு முடிந்த கையோடு அவள் விடுப்பு எடுத்தாள். இறுதியாண்டு மட்டும்தான் மிச்சம். திட்டத்தை எனக்கு ஒரு தாளில் வரைந்து காட்டினாள். தம்பிக்கு முன்பே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. சேவை முடித்து வரும்வரை அதைப் பிடித்து வைத்திருப்பார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இருவரும் சேர்ந்தே போவார்கள். ஒருவருக்கு வகுப்பு இல்லாத நேரம் மற்றவர் அப்பாவோடு. செவ்வாய் அவள், வியாழன் அவன், சனி இருவரும் என்று நீலத்திலும் சிவப்பிலும் கட்டம் போட்டிருந்தாள்.

"திரும்பி வந்தா உங்க பேட்ச்தான் அங்கிள். எனக்கு ஒரு சீட் போட்டு வைங்க."

"போடாம?"

"இன்னொண்ணு. ஜூலைல மெயில் வரும், திரும்பி வர்றேன்னு பதிவு பண்ணணும். நான் ஆஸ்பத்திரியும் வீடுமா அலைவேன். நீங்களும் ஒரு வார்த்த ஞாபகப்படுத்துங்க."

தனக்கென்று அவள் என்னிடம் வாழ்க்கையிலேயே கேட்டவை இந்த இரண்டும்தான்.

அடுத்த ஆண்டு ஜூலையில் நான் ஒரு கட்டுமானத் தளத்தில் தொழிற்பயிற்சியில் இருந்தேன். காலை ஆறரைக்கு உள்ளே போனால் உடம்பெல்லாம் சிமெண்டுத் தூசியோடு வெளியே வருவேன். அலுப்பு என்று சொல்லலாம். அதைவிட உண்மையான காரணம் வேறு. அவளுடைய இடத்துக்கு எதுவும் ஆகாது என்று நம்பிவிட்டேன். விடுப்புப் படிவம் போட்டாயிற்று, பாக்கெட் வைத்தாயிற்று, யார் எடுக்கப்போகிறார்கள்? ஆயிரம் பேர் சுற்றிப்போனதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

கெடு முடிந்து மூன்றாம் நாள், ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது நினைவு வந்தது. பதறிப்போய்ச் செய்தி அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அதன் கீழே, 'சரி அங்கிள்.' முன்பே பதிந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நானாகவே நினைத்துக்கொண்டு நிம்மதியானேன்.

ஆகஸ்டில் முதல் வகுப்புக்குச் சீக்கிரமே போய்ப் பக்கத்து நாற்காலியில் பாக்கெட் வைத்தேன். அவள் வரவில்லை. வகுப்பு முடிந்ததும் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"தேதி போயிடுச்சு அங்கிள்."

"அப்பீல் பண்ணலாம். நான் வர்றேன், ஆபீஸ்ல பேசுவோம்."

"பாக்கலாம். பரவால்ல லா. அப்பா கூப்பிடுறாரு, வைக்கிறேன்."

அந்த 'பரவால்ல'வோடு ஐந்து வாரம் இருந்தேன். ஐந்தாவது வாரம் அவளுடைய அப்பா காலமானார். ஆகஸ்டில் அவள் வகுப்புக்கு வந்திருந்தால் ஐந்து வாரம்தான் சமாளித்திருக்க வேண்டும். இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டாலும் ஐந்து என்றேதான் வருகிறது.

பூன் லேயில் அவர்கள் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். வெள்ளைத் துணி கட்டி, வட்ட மேசைகளும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் போட்டிருந்தார்கள். தம்பி வாசலில் நின்றான். இன்னும் ராணுவ முடிவெட்டு மாறவில்லை. பழச்சாறுப் பெட்டி ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு, நான் கேட்காமலேயே சொன்னான்.

"அக்கா பாவம்ணே. அந்த மெயில பாக்கவே இல்லையாம். அப்பா அப்ப வார்டுல இருந்தாரு, போன் சார்ஜ் இல்லாம கெடந்திருக்கு. பாத்திருந்தா ரெண்டு பேரும் போயிருப்போம். ப்ளான்லாம் போட்டு வச்சிருந்துச்சு, கலர் கலரா."

நான் மூன்று நாள் முன்னால் அனுப்பியிருந்தால் போதுமே.

உள்ளே அவள் வந்தவர்களுக்கு நாற்காலி நகர்த்திக்கொண்டிருந்தாள். முன்வரிசை ஓரத்தில் ஒரு நாற்காலியில் டிஷ்யூ பாக்கெட் இருந்தது. என்னைப் பார்த்ததும் அதை எடுத்தாள். "ஒக்காருங்க அங்கிள். உங்களுக்குத்தான்." கண்கள் வீங்கியிருந்தன. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிரிக்காத பாக்கெட் அவள் உள்ளங்கையில் இருந்தது.

நான் உட்காரவில்லை. "நான்தான் மறந்துட்டேன். அன்னைக்கே அனுப்பியிருந்தா..." என்று தொடங்கினேன்.

அவள் குறுக்கிட்டாள். "நீங்க லேட்டா அனுப்பினதால ஒண்ணும் ஆகல. மெயில் வந்த அன்னைக்கே பாத்துட்டேன். நாந்தான் பதியாம விட்டேன்."

"ஏன்?"

"அப்பா அப்ப ஆஸ்பத்திரில எப்படி இருந்தாருன்னு நீங்க பாக்கல. அந்தக் கலர் ப்ளான்லாம் நடக்காதுன்னு தெரிஞ்சிடுச்சு. யாராவது ஒருத்தர் வீட்ல இருந்தாகணும். தம்பிக்கு மொத வருசம். ரெண்டு கிளாஸ் போச்சுன்னா பயந்து ஓடியே போயிடுவான், உங்கள மாதிரி." சிரிக்கப் பார்த்தாள். பிறகு என் கையில் அந்தப் பாக்கெட்டை வைத்தாள். "ஒரு வேலை செய்யுங்க. மண்டாய்க்குப் போற பஸ்ல முன் சீட்ல இத வைங்க. பெரியப்பாக்குக் கால் முடியாது."

வைத்தேன். கூட்டம் ஏறியபோது பக்கத்தில் நின்று, "ஆள் வருது, ஆள் வருது" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பெரியப்பா வந்து உட்கார்ந்தார். பாக்கெட் என் பையிலேயே தங்கிவிட்டது.

தம்பியிடம் மெயிலைப் பார்க்கவில்லை என்றாள். என்னிடம் பார்த்தேன் என்றாள். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. பார்த்தும் பதியாமல் விட்டாள் என்றால், அக்காவின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று தம்பி கூசக் கூடாது என்பதற்காக அவனிடம் பொய் சொன்னாள். பார்க்கவே இல்லை என்றால், நான் கூசக் கூடாது என்பதற்காக என்னிடம். எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளிடம் கேட்டிருக்கலாம். அவனிடம் சொல்லிச் சரிபார்த்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. எனக்கென்று அவள் போட்டுக்கொடுத்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மேல்முறையீடு பற்றி இன்னும் இரண்டு முறை பேசினேன். "தம்பி முடிக்கட்டும் அங்கிள்" என்றாள். பிறகு அவள் ஒரு பாலர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். பெருநாட்களில் மட்டும் செய்தி வரும். பிறகு அதுவும் குறைந்தது. நான் பட்டம் வாங்கிய படத்துக்கு அவள் அனுப்பிய கட்டைவிரல் படம் ஒன்று என் போனில் இருக்கிறது. அதற்கு என்ன பொருள் என்று நான் யோசிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

அவளுடைய அப்பாவை வழியனுப்பியதற்கு அடுத்த வாரத்து வகுப்பு ஒன்றோடு முடித்துக்கொள்கிறேன். இடைப்பருவத் தேர்வு நெருங்கியிருந்ததால் அரங்கம் நிரம்பி வழிந்தது. நான் மூன்றாவது வரிசையில், பக்கத்து நாற்காலியில் பாக்கெட். பலனில்லை என்று தெரிந்தும் வைத்திருந்தேன். விரிவுரை தொடங்கும் நேரத்தில் ஒரு சீனப் பெண் மூச்சு வாங்க வந்து, யாராவது வருகிறார்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வருகிறார்கள் என்றேன். அவள் தலையசைத்துவிட்டுப் போய்ப் படியில் உட்கார்ந்து, மடிக்கணினியை முழங்காலில் வைத்துக்கொண்டாள். அது சரிந்து சரிந்து விழப் பார்த்தது. பத்து நிமிடம் நான் பலகையைப் பார்க்கவில்லை.

பிறகு எழுந்தேன். அந்தப் பெண்ணிடம் போய், என் இடத்தில் உட்காரச் சொன்னேன். அவள் பாக்கெட் இருந்த நாற்காலியைக் கைகாட்டி, அதுதான் காலியாக இருக்கிறதே என்றாள்.

இல்லை, அது வேறொருவருடையது என்றேன்.

அவள் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் படியில் உட்கார்ந்து முழங்காலில் நோட்டை வைத்து இரண்டு மணி நேரமும் எழுதினேன். நடுவில் இரண்டு முறை அரங்கத்தின் கதவு திறந்தது. இரண்டு முறையும் திரும்பிப் பார்த்தேன்.